பக்கத்துக்குப் பத்துச் சதம்: வெள்ளவத்தையில் இருந்து பேசர் பாவித்த அனுபவம்

என்னுடைய தொழில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு. கொழும்பு புதுக்கடை நீதிமன்றத் தொகுதிக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு சட்டத்தரணியின் அறைக்கு வெளியே மேசை போட்டு 22 வருடமாகிறது. பிறப்பத்தாட்சி, திருமணப் பதிவு, காணி உறுதி, வழக்கேடு என்று எது வந்தாலும் மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கொடுப்பேன். மிச்ச வேலையைப் பின்னேரத்தில் வெள்ளவத்தை வீட்டில் செய்வேன். போன வருடம் கொட்டாஞ்சேனையில் இருந்து ஓர் அம்மா வந்தார். அவருக்காக அமெரிக்க நீதிமன்றங்களின் இணையச் சேவை ஒன்றைத் திறந்தேன். திறந்ததால் அவருடைய எட்டு லட்சம் ரூபாய் தப்பியது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

சேவையின் பெயர் பேசர் (PACER). அமெரிக்க சமஷ்டி நீதிமன்றங்களில் இருக்கும் வழக்குகளின் நாளேட்டையும், அதாவது எந்தத் திகதியில் என்ன நடந்தது என்ற பதிவையும், ஆவணங்களையும் பொதுமக்கள் யாரும் பார்க்கலாம். சட்டத்தரணியாக இருக்க வேண்டியதில்லை, அமெரிக்கப் பிரசையாக இருக்கவும் வேண்டியதில்லை. 1988இல் தொடங்கியது. பக்கத்துக்கு 10 சதம், நம் காசில் ஏறத்தாழ 30 ரூபாய். ஓர் ஆவணம் எத்தனை பக்கமாக இருந்தாலும் 3 டொலருக்கு மேல் எடுக்கமாட்டார்கள். மூன்று மாதக் காலாண்டில் உங்கள் கணக்கு 30 டொலரைத் தாண்டாவிட்டால் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. இந்தக் கடைசி விடயம்தான் நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம்.

சரி, கதைக்கு வருகிறேன்.

அந்த அம்மா கைத்தொலைபேசியை நீட்டி, “பிள்ளை, இதை ஒருக்கா கேட்டுப் பாருங்கோ” என்றார். குரல் பதிவு. மகனை அனுப்பிவைத்த தரகர் பேசுகிறார். மகனுக்கு 26 வயது. தென்னமெரிக்கா வழியாகப் போய், எல்லையில் பிடிபட்டு, லூசியானாவில் ஒரு தடுப்பு நிலையத்தில் ஏழு மாதமாக இருக்கிறார். அங்கே இலவசச் சட்ட உதவி செய்யும் ஒருவர் அவருக்காக ஆட்கொணர்வு மனு போட்டிருக்கிறார் என்ற அளவுக்கு அம்மாவுக்குத் தெரியும். தரகர் சொல்வது இதுதான்: “ஹை கோர்ட்டில மனுவைத் தள்ளுபடி செய்துபோட்டாங்கள். பத்து நாளுக்குள்ள அப்பீல் போடவேணும். எட்டு லட்சம் ரெடி பண்ணுங்கோ.” மகனிடம் இருந்து ஒன்பது நாளாக அழைப்பு இல்லை. அம்மா தாலிக்கொடியை அடகு வைக்கப் போகும் வழியில்தான் என்னிடம் வந்திருக்கிறார், அப்பீல் பத்திரம் ஏதும் வந்தால் மொழிபெயர்க்க எவ்வளவு எடுப்பேன் என்று கேட்க.

எனக்கு முதலில் உறுத்தியது “ஹை கோர்ட்” என்ற சொல். அமெரிக்க சமஷ்டி நீதிமன்ற ஒழுங்கில் அப்படி ஒரு படி கிடையாது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் பேசரைத் திறந்தால் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். அங்கே அடிப்படியில் மாவட்ட நீதிமன்றங்கள் 94. நடுவில் மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் 13. அதில் 12 பிரதேச வாரியாகப் பிரிக்கப்பட்டவை, ஒன்று காப்புரிமை போன்ற சில வகை வழக்குகளுக்கு. உச்சியில் வாஷிங்டனில் 9 நீதியரசர்கள் இருக்கும் நீதிமன்றம். அவ்வளவுதான், மூன்று படி. முதல் படியிலேயே விசாரணை, சாட்சி, ஜூரி எல்லாம் முடிந்துவிடும். மேலே போனால் சட்டம் சரியாகப் பாவிக்கப்பட்டதா என்று வழக்கேட்டை வைத்துத்தான் பார்ப்பார்கள். நடுப்படியில் வழக்கமாக மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து. உச்சிக்கு யாரும் உரிமையோடு ஏறிவிட முடியாது. வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும். ஒன்பது பேரில் நால்வர் சம்மதித்தால்தான் எடுப்பார்கள்.

நம்மூர் சொற்கள் இங்கே காலை வாரும். இலங்கைத் தமிழில் உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் தலைமை நீதிமன்றம். இந்தியப் பத்திரிகை வாசிப்பவருக்கு அது மாநில ஹை கோர்ட். நமது மாவட்ட நீதிமன்றம் காணி, கடன், விவாகரத்து என்று சிவில் வழக்குப் பார்ப்பது. அமெரிக்க மாவட்ட நீதிமன்றம் குற்ற வழக்கும் பார்க்கும், அரசாங்கத்துக்கு எதிரான வழக்கும் பார்க்கும். அங்கே “மாவட்டம்” என்பதும் நாம் நினைக்கும் அளவல்ல. நியூ ஜெர்சி முழுவதும் ஒரே மாவட்டம். லூசியானாவில் கிழக்கு, நடு, மேற்கு என்று மூன்று. மஜிஸ்திரேட் நீதிபதி என்று ஒருவர் பெயர் வரும். அவரை நமது நீதவான் என்று எழுதினால் பிழை. மாவட்ட நீதிபதிகளுக்கு உதவியாக 8 வருடத்துக்கு நியமிக்கப்படுகிறவர் அவர். மாவட்ட நீதிபதியை ஜனாதிபதி முன்மொழிந்து செனட் உறுதிப்படுத்துகிறது. அதன் பிறகு ஆயுட்காலப் பதவி. நமது உயர் நீதிமன்ற நீதியரசர்கள் 65இல் ஓய்வு பெறுவதைப் பார்த்துப் பழகிய எனக்கு, எண்பது தாண்டியவர் கையெழுத்திட்ட கட்டளையை வாசிக்கும்போது ஒரு வியப்பு வரத்தான் செய்கிறது.

அப்புறம் “சமஷ்டி” என்ற சொல். 1949இல் தமிழரசுக் கட்சி தொடங்கிய நாளில் இருந்து நாம் மேடையில் கேட்டுவரும் சொல் அது. நீதிமன்றத்தில் அது எப்படி நடக்கிறது என்று எனக்குப் பேசரில்தான் விளங்கியது. மாநிலத்துக்கு ஒரு நீதிமன்ற வரிசை, மத்திக்கு வேறொரு வரிசை. ஒரே ஊரில் இரண்டும் தனித்தனிக் கட்டடத்தில், தனித்தனிப் பதிவேட்டோடு. கொலை, களவு, விவாகரத்து, வாடகைத் தகராறு என்று பெரும்பாலான வழக்குகள் மாநில நீதிமன்றத்திலேயே முடியும். அரசியலமைப்பு, மத்திய சட்டம், குடிவரவுத் தடுப்பு, வங்குரோத்து, அல்லது வெவ்வேறு மாநிலத்தவருக்கு இடையில் 75,000 டொலருக்கு மேற்பட்ட பிணக்கு என்றால் சமஷ்டி நீதிமன்றம். பேசரில் இருப்பது சமஷ்டி வழக்கு மட்டும். “நியூ ஜெர்சியில் இருக்கும் மருமகனின் விவாகரத்துத் தீர்ப்பை எடுத்துத் தாருங்கோ” என்று என்னிடம் இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அது பேசரில் கிடைக்காது. அந்தந்த மாநில நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும்.

பதிவு செய்வது பத்து நிமிட வேலை. பெயர், முகவரி, பிறந்த தேதி, மின்னஞ்சல். கார்டு விவரம் கொடுத்தால் உடனே திறக்கும் என்றார்கள். என் கார்டை முதல் தடவை ஏற்கவில்லை. என் வங்கிதான் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவை எனக்குச் சொல்லாமலே நிறுத்தி வைத்திருந்தது. அவர்களைப் பிடித்துத் திறக்கவைக்க ஒரு பகல் முழுவதும் போயிற்று, அந்த அம்மா என் மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு அவசரம் வருவதற்கு முன்பே கணக்கைத் திறந்து வைத்துவிடுங்கள்.

தேடல்தான் இந்தச் சேவையின் மிகப் பலவீனமான இடம். நாடு முழுவதற்கும் ஒரு பொதுத் தேடல் பக்கம் இருக்கிறது. அதில் கடைசிப் பெயர், முதல் பெயர் என்று இரண்டு பெட்டி. தமிழருக்குக் கடைசிப் பெயர் எது? அந்தத் தம்பியின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பாவின் பெயர். அதைப் போட்டேன், இல்லை. அவருடைய சொந்தப் பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டேன், இல்லை. “சிங்கம்” என்பதில் ஹெச் சேர்த்தேன், பிறகு எடுத்தேன். “தி” என்ற எழுத்துக்கு ஹெச் வைத்தும் வைக்காமலும் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று பதில் வந்தாலும் தேடியதற்கு 10 சதம் விழும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. கடையில் சாமான் இல்லை என்று சொல்வதற்குக் காசு வாங்குவது போல. ஏழாவது தடவை, அப்பா பெயரையும் பிள்ளை பெயரையும் இடைவெளி இல்லாமல் ஒன்றாக ஒட்டி எழுதிப் பார்த்தேன். வந்தது. எல்லையில் யாரோ அப்படித் தட்டச்சு செய்திருக்கிறார்கள், அதுவே நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. தேடல்களுக்கு மட்டும் 70 சதம். இன்னும் ஒரு விடயம்: 3 டொலர் வரம்பு பெயர்த் தேடலுக்குக் கிடையாது. பொதுவான பெயர் ஒன்றைப் போட்டால் பட்டியல் நீண்டுகொண்டே போய்க் கணக்கை ஏற்றிவிடும். ஆண்டையும் நீதிமன்றத்தையும் குறுக்கிவிட்டுத் தேடுங்கள்.

லூசியானா மேற்கு மாவட்டம். ஆளை எங்கே தடுத்து வைத்திருக்கிறார்களோ அந்த மாவட்டத்தில்தான் இந்த மனுவைப் போடவேண்டும். இங்கே ஆட்கொணர்வு மனு என்றால் எங்களுக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். அங்கே அது முதல் படியில் தொடங்குகிறது. நீதிமன்றக் கட்டணம் 5 டொலர்.

வழக்கின் நாளேடு திறந்ததும் நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 22 வருடமாக வழக்கேடுகளோடு இருப்பவள் என்பதால் சொல்கிறேன், அது அழகான ஒழுங்கு. மேலே வழக்கு இலக்கம். அந்த இலக்கத்தை வாசிக்கப் பழகிவிட்டால் பாதி விடயம் தெரிந்துவிடும்: முதல் இலக்கம் அந்த மாவட்டத்தின் எந்த அலுவலகம், அடுத்தது ஆண்டு, பிறகு சிவிலா குற்றமா என்று இரண்டு எழுத்து, பிறகு வரிசை எண், கடைசியில் நீதிபதியின் முதலெழுத்துகள். அதன் கீழே வழக்கின் வகை, 463 என்று. தடுத்து வைக்கப்பட்ட வெளிநாட்டவரின் ஆட்கொணர்வு மனுவுக்கு உரிய இலக்கம் அது. இடப்பக்கம் மனுதாரர், அவருடைய சட்டத்தரணியின் பெயர், தொலைபேசி. கீழே திகதி, எண், நடந்தது என்ன என்று மூன்று நிரல். எண் 1, மனு. எண் 2, கட்டணம் பற்றிய குறிப்பு. இப்படியே வந்து எண் 6, நீதிமன்றக் கட்டளை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மேன்முறையீடு இல்லை, தள்ளுபடி இல்லை.

பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பற்றுச்சீட்டு வரும். எத்தனை மணிக்கு, யார், எதைத் தேடினார், எத்தனை பக்கம், எவ்வளவு. அதில் “வாடிக்கையாளர் குறியீடு” என்று ஒரு பெட்டி உண்டு. நாம் விரும்பியதை எழுதலாம். நான் கொட்டாஞ்சேனை என்று எழுதியிருந்தேன். 3 பக்கம், 30 சதம்.

எண் 1ஐ அழுத்தினேன். அனுமதி இல்லை என்றது. முதலில் பேசர் பழுது என்று நினைத்தேன், பிறகுதான் விதியைத் தேடி வாசித்தேன். குடிவரவு வழக்குகளில் மனு, சத்தியக்கடதாசி, இணைப்புகள் எதையும் வழக்கில் சம்பந்தப்படாதவர் தூரத்தில் இருந்து திறக்க முடியாது. நாளேட்டையும் நீதிமன்றத்தின் கட்டளைகளையும் தீர்ப்பையும் மட்டும் பார்க்கலாம். முழு ஏடும் வேண்டும் என்றால் அந்த ஊர் நீதிமன்றத்துக்கு நேரில் போகவேண்டும். இதைக் குறையாகச் சிலர் சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். புகலிடம் கேட்ட பிள்ளை தனக்கு நடந்ததை எழுதிய கடதாசி அது. அதை இங்கே இருந்து எவரும் முப்பது ரூபாய்க்கு எடுத்து வாசிக்கக்கூடாது.

எண் 6 திறந்தது, இரண்டு பக்கம், 20 சதம். திறப்பதற்கு முன்பே இத்தனை பக்கம், இவ்வளவு காசு, சம்மதமா என்று கேட்கும். அது நல்ல பழக்கம். கட்டளையில் இருந்தது இவ்வளவுதான்: இந்த மனுதாரரை ஏன் தொடர்ந்து தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று அரசாங்கம் இத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். திகதியைப் பார்த்தேன், அரசாங்கத்தின் தவணை இன்னும் முடியவே இல்லை.

அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். “அப்ப தள்ளுபடி செய்யேல்லையோ?” என்று இரண்டு தரம் கேட்டார். இல்லை அம்மா, இப்போதுதான் அரசாங்கத்திடம் கேள்வியே கேட்டிருக்கிறார்கள் என்றேன். தரகர் சொன்ன பத்து நாளும் பொய். அரசாங்கம் ஒரு தரப்பாக இருக்கும் சிவில் வழக்கில் மேன்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு. அதற்கான நீதிமன்றக் கட்டணம் 605 டொலர், வசதியில்லாதவர் விலக்குக் கேட்கலாம். எட்டு லட்சம் எங்கிருந்து வந்தது? நாளேட்டில் இருந்த சட்டத்தரணியின் மின்னஞ்சலுக்கு அன்றிரவே அம்மாவின் பெயரில் ஒரு கடிதம் எழுதிப் போட்டோம். அடுத்த நாள் பதில் வந்தது. பிள்ளையை வேறு தடுப்பு நிலையத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், டெக்சாஸுக்கு. அதனால்தான் அழைப்பு இல்லை. ஆளை மாற்றினால் வழக்கு போய்விடுமா என்று அம்மா பயந்தார். போகாது. போடும்போது சரியான இடத்தில் போட்ட மனு, பிறகு ஆளை எங்கே கொண்டுபோனாலும் அதே நீதிமன்றத்தில் நிற்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கப் பெண் ஒருவரின் வழக்கில், 1944இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது அது. எண்பது வருடம் கழித்துக் கொட்டாஞ்சேனையில் ஒரு தாய்க்கு அது உதவியது.

அதன் பிறகு 16 வாரம், வாரம் ஒரு முறை பார்த்தேன். லூசியானாவில் நள்ளிரவு என்றால் இங்கே காலை பத்தரை, பனிக்காலத்தில் பதினொன்றரை. அவர்கள் வேலை முடித்துப் போகும்போது எங்களுக்கு விடியப்போகிறது. ஆகவே காலைத் தேநீரோடு திறந்தால் முதல் நாள் நடந்தது எல்லாம் ஏறியிருக்கும். இன்ன திகதிக்குப் பிறகு நடந்ததை மட்டும் காட்டு என்று கேட்க ஒரு வழி உண்டு. அப்படிக் கேட்டால் 20 சதத்தோடு முடியும்.

ஒரு வியாழக்கிழமை காலை எண் 17 வந்திருந்தது. அரசாங்கம் போட்ட அறிவித்தல். ஆவணம் திறக்காது, தலைப்பு மட்டும் தெரியும்: மனுதாரர் மேற்பார்வையின் கீழ் விடுவிக்கப்பட்டார். ஏழு மணி பத்து நிமிடம். உடனே அம்மாவுக்கு எடுத்தேன். மறுபக்கத்தில் சத்தமே இல்லை. பிறகு, “அப்ப அங்க இப்ப இரவெல்லோ, சாப்பிட்டிருப்பானோ?” என்றார்.

அடுத்த வாரம் எண் 18. “தள்ளுபடி.” இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் தரகர் முன்பு மிரட்டினார், இப்போது உண்மையாகவே வந்திருக்கிறது, ஆனால் பொருள் நேர் எதிர். மூன்று பக்கம், 30 சதம். ஆளை விட்டுவிட்டதால் நீதிமன்றம் தீர்ப்பதற்கு விடயம் எஞ்சியிருக்கவில்லை; மீண்டும் மனுச் செய்யும் உரிமைக்குப் பங்கமின்றித் தள்ளுபடி செய்யப்படுகிறது. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சின்னச் சொற்கள் அவை. தமிழில் அவற்றை இப்படி முழு வாக்கியமாக விரித்தால்தான் தாய்க்கு விளங்கும். “தள்ளுபடி” என்ற சொல்லை மட்டும் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தால் அவர் என் மேசையிலேயே சாய்ந்திருப்பார். வெளிநாட்டு நீதிமன்றக் கடதாசியை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படமெடுத்து அனுப்பும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன்: ஒரு சொல்லைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள், முழுக் கட்டளையையும் யாரிடமாவது வாசிக்கக் கொடுங்கள்.

பலர் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. மனு முடிந்தது, ஆனால் புகலிட வழக்கு முடியவில்லை. அது குடிவரவு நீதிமன்றத்தில் தனியாக ஓடுகிறது. பெயரில் நீதிமன்றம் என்று இருந்தாலும் அது நான் மேலே சொன்ன மூன்று படியில் எதிலும் இல்லை. நீதித் திணைக்களத்தின் கீழ், அதாவது நிறைவேற்றுத் துறைக்குள் இருக்கிறது. அதன் நீதிபதிகளுக்கு ஆயுட்காலப் பதவியும் இல்லை. ஆகவே பேசரில் தேடிப் பயனில்லை. அதற்கு வேறு இலவச இணையப் பக்கம் உண்டு. குடிவரவு அதிகாரிகள் பிள்ளைக்குக் கொடுத்த ஒன்பது இலக்க ஏ-நம்பரைக் கொடுத்தால் அடுத்த தவணை எப்போது என்று காட்டும். பிள்ளை போகும்போதே, பிடிபட்டால் அந்த எண்ணை எப்படியாவது அம்மா அப்பாவுக்குச் சொல்லும்படி சொல்லி வையுங்கள். பெயரின் எழுத்துப் பிழையால் நான் பட்ட பாடு அந்த எண் இருந்தால் இல்லை.

இந்த ஆட்கொணர்வு வழி எதற்கும் பயன்படும் என்று நினைத்துவிடவும் கூடாது. இதே வழியில் உச்சி வரைக்கும் போன இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு இருக்கிறது. 2017இல் கலிபோர்னியாவில் எல்லையைக் கடந்து 25 யார் தூரத்திலேயே பிடிபட்டவர். நாடு திரும்பினால் பயம் என்று அவர் சொன்னதை அதிகாரிகள் ஏற்கவில்லை. கலிபோர்னியா தெற்கு மாவட்ட நீதிமன்றம் அவர் மனுவை எடுக்க அதிகாரம் இல்லை என்றது. ஒன்பதாவது பிரதேச மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் அதை மாற்றி, அவர் பக்கம் நின்றது. 2020 ஜூன் 25இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அவருக்கு எதிராகத் தீர்த்தது. விடுதலை கேட்பதற்கு ஆட்கொணர்வு, தங்கும் உரிமை கேட்பதற்கு அது வழியல்ல என்பது அதன் சாரம். கொட்டாஞ்சேனைப் பிள்ளை கேட்டது நீண்ட தடுப்பில் இருந்து விடுதலை. அதனால்தான் அவர் மனு நின்றது. உச்ச நீதிமன்றத்தின் ஏடு பேசரில் வராது, அவர்களுடைய சொந்த இணையத்தளத்தில் இலவசமாக இருக்கிறது. 2017 நவம்பருக்குப் பிறகு வந்த வழக்குகளின் மனுக்கள், எழுத்து வாதங்கள் எல்லாம் அங்கே உண்டு. அந்தத் தீர்ப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்து வாசித்தேன். நீதியரசர் சொட்டோமயோர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு பெரும்பான்மைத் தீர்ப்பை விட எனக்கு நெருக்கமாக இருந்தது.

கணக்கு இருக்கிறதே என்று நமது நாட்டின் மீது போட்ட வழக்கையும் தேடினேன். 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும், காஸ் வரிசையில் நின்ற மாதங்கள் அவை. அந்த ஜூனில் ஹமில்டன் ரிசேர்வ் வங்கி என்ற, செயின்ட் கிட்ஸ் நெவிஸில் இருக்கும் வங்கி, நியூ யோர்க் தெற்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 250 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட இறைமைப் பிணைமுறிகள். வழக்கு 1:22-சிவி-05199-டிஎல்சி. கடைசி மூன்று எழுத்தும் நீதிபதி டெனிஸ் கோட்டுக்கு உரியவை. வெளிநாட்டு அரசாங்கம் ஒன்று எதிராளியாக இருக்கும் வழக்குகளைச் சமஷ்டி நீதிமன்றம் கேட்பதற்கு 1976இல் இருந்து தனிச் சட்டம் உண்டு, அதில் ஜூரி கிடையாது. கடன் மறுசீரமைப்புப் பேச்சு முடியும் வரைக்கும் வழக்கை நிறுத்தி வையுங்கள் என்று இலங்கை கேட்டதும், அதற்கு ஆதரவாக அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் அரசுகள் எழுதிப் போட்டதும், 2023 நவம்பரில் நீதிபதி வழக்கை நிறுத்தி வைத்ததும் எல்லாம் எண் வாரியாக அங்கே இருக்கிறது. நம் எல்லாருடைய கடன் அது. அதன் வழக்கேட்டை வெள்ளவத்தையில் பாயில் இருந்துகொண்டு வாசித்தபோது, தொலைக்காட்சியில் இதைப் பற்றிக் கேட்ட அரைகுறைப் பேச்சுகள் எல்லாம் எவ்வளவு மேலோட்டம் என்று தெரிந்தது.

இப்படிப் பலரும் பார்க்கும் வழக்குகளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதை ஓர் இளம் சட்டத்தரணி பிறகு சொல்லித் தந்தார். ரீகேப் என்று உலாவியில் பொருத்தும் ஒரு சிறு இணைப்பு. பேசரின் ஆங்கில எழுத்தைத் திருப்பி வாசித்தால் வரும் பெயர். அதைப் போட்டிருக்கும் ஒருவர் பேசரில் காசு கொடுத்து எடுத்த ஆவணம், கோர்ட்லிசனர் என்ற இலவசக் களஞ்சியத்தில் எல்லாருக்குமாகச் சேர்ந்துவிடும். அடுத்தவர் எடுத்திருந்தால் நமக்கு இலவசம், நாம் எடுத்தால் அடுத்தவருக்கு இலவசம். இலங்கை மீதான வழக்கின் பெரும்பகுதியை நான் அங்கேதான் வாசித்தேன். முதலில் அங்கே பாருங்கள், இல்லாவிட்டால் பேசருக்குப் போங்கள்.

காசு வாங்குவது பற்றி அமெரிக்கர்களே சும்மா இருக்கவில்லை. 2016இல் முன்னாள் படைவீரர்களுக்குச் சட்ட உதவி செய்யும் அமைப்பு உட்பட சில நிறுவனங்கள், பேசர் கட்டணம் சட்டம் அனுமதித்ததை விட அதிகம் என்று வழக்குப் போட்டன. சமஷ்டி நீதிமன்றத்தின் கட்டணம் மீது சமஷ்டி நீதிமன்றத்திலேயே வழக்கு. வழக்கு மேன்முறையீடு வரை போய், கடைசியில் 125 மில்லியன் டொலர் திருப்பிக் கொடுப்பதாக முடிந்து, 2024இல் நீதிபதி அதை அங்கீகரித்தார். தன் மீது தொடுத்த வழக்கின் ஏட்டையும் அதே பேசர் திறந்து காட்டுகிறது. அதற்கு நான் மரியாதை கொடுக்கிறேன்.

குறைகளையும் சொல்லவேண்டும். தோற்றம் இருபது வருடம் பழையது. கைத்தொலைபேசியில் பார்த்தால் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி. ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் தனித்தளம், மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனால் பொத்தான்கள் எல்லாம் இடம் மாறியிருக்கும். கீழ் நீதிமன்ற வழக்குக்கு மேலே ஒரு புதிய இலக்கம் விழும், அதைத் தனியாகத் தேடவேண்டும். வெற்றுத் தேடலுக்குக் காசு என்பதை முன்னமே சொன்னேன். எல்லாம் சேர்த்து ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்றும் அந்தத் தேடலுக்காக. நான்கு கொடுப்பதற்குக் காரணம், ஒரு பதிவறையில் 1990களின் காணி வழக்கேடு ஒன்றுக்காக நான் பதினோரு தடவை போய், “ஏடு மேசையில் இல்லை, அடுத்த கிழமை வாருங்கோ” என்று கேட்டுத் திரும்பியிருக்கிறேன். அந்த ஏட்டுக்கு உரியவர் வவுனியாவில் இருந்து ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் வந்தார். எண்ணும் திகதியும் போட்டு, யார் கேட்டாலும் ஒரே மாதிரித் திறக்கும் ஒரு நாளேட்டின் அருமை அவருக்குத் தெரியும்.

போன மாதம் அந்த அம்மா வந்தார். மகன் ஹியூஸ்டனில் உறவினர் வீட்டில், வேலை அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார். அடுத்த குடிவரவுத் தவணையை இலவசப் பக்கத்தில் பார்த்துத் திகதியைத் துண்டில் எழுதிக் கொடுத்தேன். பையில் இருந்து ஒரு உறையை எடுத்து, அந்த கொம்பியூட்டருக்கு எவ்வளவு போனது, சொல்லுங்கோ பிள்ளை, நான் தரவேணும் என்று நின்றார். இரண்டு காலாண்டுக் கணக்கையும் திரையில் திறந்து காட்டினேன். கொட்டாஞ்சேனை என்ற குறியீட்டுக்கு எதிரே மொத்தம் 4 டொலர் 70 சதம். அதன் கீழே, கட்ட வேண்டியது: 0.